எத்தனை வீடு என்பது மட்டும் போதுமா? எங்கே என்றும் கேளுங்கள்

நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்துக்கான மானியக் கோரிக்கை, அதாவது நிதி ஒதுக்கக் கேட்கும் கோரிக்கை, சட்டமன்றத்தில் வரும்போது, "எத்தனை வீடு?" என்பதோடு "எங்கே?" என்றும் நம் எம்எல்ஏக்கள் கேட்க வேண்டும். சென்னையில் ஏழைகளுக்கு வீடு கொடுக்க மூன்று வழிகளைப் பார்த்தாயிற்று. பலன் மூன்றிலும் ஒன்றல்ல.

முதல் வழி, ஊருக்கு வெளியே மொத்தமாகக் கட்டிக் குடியேற்றுவது. 2000 வாக்கில் கண்ணகி நகரில் தொடங்கி, செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று ஆயிரக்கணக்கில் வீடுகள் எழும்பின. 2015 வெள்ளத்துக்குப் பிறகு ஆற்றங்கரைக் குடும்பங்கள் பலவற்றைப் பெரும்பாக்கத்துக்குத்தான் அனுப்பினார்கள். நிலம் சுலபமாகக் கிடைக்கும், ஒரே மூச்சில் நிறையக் கட்டலாம் என்பதெல்லாம் சரி. ஆனால் வெள்ளத்துக்குப் பயந்து போன இடமும் பள்ளிக்கரணை சதுப்புநிலத்துப் பக்கம்தான். பெருமழை வந்தால் செம்மஞ்சேரித் தெருக்களில் தண்ணீர் நிற்கிறது.

எங்கள் தெருவில் மூன்று வீடுகளில் பாத்திரம் தேய்க்கும் அக்கா, முன்பெல்லாம் ஆற்றங்கரையிலிருந்து நடந்தே வருவார். இப்போது பெரும்பாக்கம். ஐந்து மணிக்குக் கிளம்பினால்தான் ஏழு மணி வேலைக்கு வந்து சேர முடிகிறது. நகரப் பேருந்தில் பெண்களுக்கு 2021 முதல் கட்டணமில்லை. அது பெரிய உதவிதான். ஆனால் போகவர ஆகும் நேரத்தை யார் திருப்பித் தருவது? மூன்றில் இரண்டு வீட்டு வேலையை விட்டுவிட்டார். பள்ளி விட்ட மகள் ஏழாவது மாடியில் தனியாக இருப்பாளே என்ற பதைப்பு மூன்று மணிக்கே அவர் முகத்தில் தெரிந்துவிடும். கூரை கிடைத்தது, கூலி போயிற்று.

இரண்டாவது வழி, இருக்கும் இடத்திலேயே இடித்துக் கட்டுவது. என் ஓட்டு இதற்குத்தான். இந்த வாரியம் 1970-இல் குடிசை மாற்று வாரியம் என்ற பெயரில் தொடங்கியபோது நகரத்துக்குள்ளேயே மாடிக் குடியிருப்புகளைக் கட்டினார்கள். அவற்றில் பல இற்றுப்போய்விட்டன. 2021 டிசம்பரில் திருவொற்றியூரில் ஒரு குடியிருப்பே சரிந்து விழுந்தது; விரிசலைப் பார்த்து முன்கூட்டியே வெளியேறியதால் உயிர்ச்சேதம் இல்லை. நொச்சிக்குப்பத்தில் பழசை இடித்து அங்கேயே புதிதாகக் கட்டியதால் மீனவர்களுக்குக் கடல் தூரமாகவில்லை.

இதிலும் குறை உண்டு. கட்டி முடிக்கும் வரை குடும்பங்கள் வெளியே வாடகைக்குப் போக வேண்டும். அதற்கான கருணைத் தொகையை 8,000 ரூபாயிலிருந்து 24,000 ஆக உயர்த்தினார்கள். வேலை ஒன்றரை வருடம் இழுத்தால் அது மாதம் 1,333 ரூபாய். சென்னையில் அந்தக் காசுக்கு ஒற்றை அறைகூடக் கிடைக்காது. அப்புறம் தரம். 2021-இல் புளியந்தோப்புப் புதுக் குடியிருப்பில் சுவர்ப்பூச்சு கை பட்டாலே உதிர்ந்ததை மாநிலமே பார்த்தது.

மூன்றாவது, 1977-இல் உலக வங்கிக் கடனோடு வந்த மனைத் திட்டம். அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூரில் தண்ணீர், சாக்கடை, சாலை போட்டு மனையைக் கொடுத்தார்கள். வீட்டை மக்களே கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டிக்கொண்டார்கள். அருமையான யோசனை. ஆனால் சென்னைக்குள் இன்று அதற்கு இடம் ஏது? வளரும் சிறு நகரங்களில் இப்போதே நிலத்தை ஒதுக்கினால் அங்கே இதுதான் சிறந்த வழி.

ஆகவே எம்எல்ஏக்களிடம் நான் கேட்பது இவ்வளவுதான். நிதியில் முதல் பங்கு நகரத்துக்குள் மறுகட்டுமானத்துக்குப் போகட்டும். கருணைத் தொகையை ஒரே தடவையாகக் கொடுக்காமல், சாவி கைக்கு வரும் வரை மாத வாடகையாக, அந்தப் பகுதி வாடகைக்கு ஏற்பக் கொடுக்க வேண்டும். ஏற்கெனவே பெரும்பாக்கம் போய்விட்டவர்களைத் திரும்பக் கூப்பிட முடியாது. அவர்களுக்கு விடியற்காலைப் பேருந்துகளும், பழுதாகாத லிஃப்ட்டும், சாயங்காலம் ஏழு மணி வரை திறந்திருக்கும் குழந்தைகள் காப்பகமும் வேண்டும். இவற்றுக்குத் தனியாகப் பணம் ஒதுக்குங்கள். அந்த அக்கா விட்ட இரண்டு வீட்டு வேலையையும் மறுபடி பிடித்துக்கொள்வார்.