பழவேற்காட்டு உப்புக்காற்றில் சோலார் டிராக்கர்: எந்தப் பாகத்துக்கு எந்தப் பூச்சு?

ஆரம்பாக்கம், எளாவூர் தாண்டி தடா, சூளூர்பேட்டை வரைக்கும் பழவேற்காடு ஏரியை ஒட்டிய நிலத்தில் இரும்புக்கு ஓய்வே கிடையாது. கொண்டல் அடித்தால் கடல் உப்பு வரும். கோடையில் ஏரியின் வடபகுதி வற்றினால் உப்புப் புழுதி வரும். இங்கே டிராக்கர் (சூரியன் போகும் பக்கம் பேனலைத் திருப்பும் இரும்புச் சட்டகம்) நிறுத்தப் போகிறவர்கள் முதலில் கேட்பது, "ஹாட் டிப் (உருக்கிய துத்தநாகத்தில் முக்கி எடுக்கும் பூச்சு) நல்லதா, மெக்னீசியம் கலந்த புதுப் பூச்சு நல்லதா, பெயின்ட் அடிக்கலாமா?" என்றுதான். மொத்த டிராக்கருக்கும் ஒரே பதில் தேடினால் எங்கோ ஓரிடத்தில் காசு வீணாகும், இன்னோரிடத்தில் துரு பிடிக்கும். பாகம் பாகமாகப் பார்ப்பதே சரி.

முதலில் கணக்கு. காற்றின் அரிப்புக் கடுமையைத் தரம் பிரிக்கும் ஐஎஸ்ஓ 9223 படி, கடுமை கூடிய சி4 சூழலில் துத்தநாகம் ஆண்டுக்கு 2.1 முதல் 4.2 மைக்ரான் வரை கரையும். அதைவிடக் கடுமையான சி5 என்றால் 4.2 முதல் 8.4 வரை. இது முதல் ஆண்டின் வேகம். பிறகு கொஞ்சம் குறையும் என்றாலும் திட்டம் போட இதுவே போதும். 6 மி.மீ.க்கு மேல் தடிமனான இரும்பில் ஹாட் டிப் பூச்சு சராசரி 85 மைக்ரானுக்குக் குறையக் கூடாது. 3 முதல் 6 மி.மீ. வரை 70. தகடாகவே பூச்சோடு வரும் இசட்275 ரகத்தில் 275 கிராம் என்பது இரண்டு பக்கமும் சேர்த்து. ஒரு பக்கத்துக்கு 20 மைக்ரான் கூடத் தேறாது. சி5-இல் 85 மைக்ரான் 10 முதல் 20 ஆண்டு தாங்கும். 20 மைக்ரான் ஐந்து ஆண்டைத் தாண்டாது. 25 ஆண்டு ஓட வேண்டிய நிலையத்துக்கு இசட்275 தகட்டில் செய்த தாங்கிகளைக் கொடுத்தால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வாங்காதீர்கள்.

அடுத்தது டார்க் டியூப், அதாவது பேனல் வரிசையைத் தாங்கிச் சுழற்றும் நீளக் குழாய். இதில் ஹாட் டிப்புக்கும் துத்தநாகம்–அலுமினியம்–மெக்னீசியப் பூச்சுக்கும்தான் போட்டி. மெக்னீசியப் பூச்சின் பலம் வெட்டு விளிம்பில் இருக்கிறது. துளை போட்ட இடத்திலும் அறுத்த ஓரத்திலும் பூச்சிலிருந்து கரைந்து வரும் படலம் வெறும் இரும்பின் மேல் படர்ந்து மூடிக்கொள்ளும். அதனால் துளை நிறைந்த மெல்லிய பர்லின் (பேனலைத் தாங்கும் குறுக்குச் சட்டம்), கிளாம்ப் தாங்கிகளுக்கு இதுவே என் தேர்வு. ஆனால் வெல்டிங் பட்ட இடத்தில் பூச்சு எரிந்துவிடும். தகட்டைச் சுருட்டி வெல்டு வைத்துக் குழாயாக்கும்போது வெளித் தையலுக்கு மறுபூச்சு தெளிப்பார்கள். உள்தையல் அப்படியே கிடக்கும். பனி இறங்கும் இரவில் குழாய்க்குள் ஈரம் கட்டினால் துரு அங்கேதான் தொடங்கும், வெளியே தெரியாது. ஹாட் டிப் குழாய் உள்ளும் புறமும் நனைந்து வருவது. டார்க் டியூபுக்கு அதையே வாங்கலாம். முனைக்கு மூடி போடுங்கள். கூடவே, இரவு நிறுத்த நிலையில் கீழ்நோக்கி இருக்குமாறு வடிதுளை ஒன்று வேண்டும்.

"உப்புத்தெளிப்புச் சோதனையில் இத்தனை ஆயிரம் மணி நேரம்" என்று விற்பனைத் தாளில் போட்டிருப்பதை ஆண்டாக மாற்றிப் பார்க்க வேண்டாம். அந்தப் பெட்டிக்குள் ஈரம் காய்வதே இல்லை. நிஜக் காற்றில் நனைந்து நனைந்து காயும்போதுதான் துத்தநாகத்தின் மேல் கார்பனேட் படலம் உட்காரும்.

இன்னொன்று: மழை விழும் பக்கத்தை விட விழாத பக்கம்தான் சீக்கிரம் கெடும். டியூபின் அடிப்பக்கம் பேனல் நிழலிலேயே கிடப்பதால் உப்பு கழுவப்படாமல் சேரும். ஆய்வுக்குப் போகிறவர் கண்ணாடியைக் கீழே பிடித்துப் பார்க்க வேண்டிய இடம் அது. வெண்பொடி இருந்தால் துத்தநாகம் வேலை செய்கிறது. செம்பழுப்பு தெரிந்தால் அது தீர்ந்துவிட்டது.

தூணுக்கு வந்தால் கதை வேறு. மண்ணும் காற்றும் சந்திக்கும் கோட்டில்தான் அரிப்பு அதிகம். இறால் பண்ணைக் கசிவு இருக்கும் நிலத்தில் உப்பு நீர் மேலேறி ஆவியாகி அங்கேயே படியும். 85 மைக்ரான் மட்டும் இங்கே போதாது. மேலே எப்பாக்சி சேர்த்த இரட்டைப் பூச்சு வேண்டும், தரைக்கு மேல் 30 செ.மீ., கீழே 50 செ.மீ. வரையாவது. இரண்டும் தனித்தனியே தாங்கும் காலத்தைக் கூட்டினால் வருவதை விடச் சேர்ந்திருக்கும்போது அதிகம் தாங்கும். ஆனால் தூணை இயந்திரத்தால் அடித்து இறக்கினால் மணல் உரசி எப்பாக்சி வழித்துக்கொண்டு போகும். துளையிட்டு கான்கிரீட் போடும் முறையில்தான் இந்தச் செலவுக்குப் பலன். கான்கிரீட் தலையை வெளிப்புறம் சரிவாக வையுங்கள். தட்டையாக விட்டால் தண்ணீர் தூணைச் சுற்றிக் குளம் கட்டும்.

எப்பாக்சி அடிக்கும் முன் நல்ல தண்ணீரில் கழுவி, வெண்துருவை நைலான் பிரஷால் எடுத்து, குறைந்த அழுத்தத்தில் லேசாக மணல் வீசிச் சொரசொரப்பாக்க வேண்டும். சாதாரண எனாமல் பெயின்ட் கூடவே கூடாது. அதிலுள்ள எண்ணெய் துத்தநாகத்தோடு சேர்ந்து சோப்பாகி, தோல் உரிவது போல உரிந்துவிடும்.

போல்ட்டில் பலர் ஏமாறுவார்கள். மஞ்சளாக மின்னும் மின்முலாம் 5 முதல் 12 மைக்ரான்தான், சி5-இல் மூன்று ஆண்டு கூடத் தாங்காது. 304 எஃகு பார்க்க நன்றாயிருக்கும், ஆனால் கிளாம்ப் இடுக்கில் உப்பு தங்கினால் புள்ளி புள்ளியாக அரிக்கும். 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் கொண்ட 316-தான் ஏரிக்கரைக்கு ஏற்றது. பேனல் கிளாம்புக்கு அதைக் கொடுங்கள், தூண் இணைப்புகளுக்கு ஹாட் டிப் போல்ட் போதும். 316 நட்டு, போல்ட் இரண்டும் உரசிப் பூட்டிக்கொள்ளும் குணம் உள்ளவை. ஆன்டி-சீஸ் பேஸ்ட் தடவி, இம்பாக்ட் ரெஞ்ச் இல்லாமல் மெதுவாக முறுக்குங்கள். பேஸ்ட் போட்டால் அதே முறுக்குக்குப் போல்ட்டின் இழுவிசை கூடும், முறுக்கு அளவைக் குறைக்க வேண்டும்.

கன்ட்ரோலர் பெட்டியில் "முழுக்க அடைத்தது" என்ற பெருமை வேண்டாம். பகல் வெயிலில் சூடான பெட்டி மேல் திடீர் மழை விழுந்தால் உள்ளே அழுத்தம் குறைந்து, கேஸ்கெட் ஓரமாக உப்பு நீரை உறிஞ்சும். காற்று மட்டும் போய்வரும் சவ்வு வென்ட் வைத்த ஐபி66 (தூசியும் பீய்ச்சும் தண்ணீரும் புகாத தரம்) பெட்டி, மேற்பூச்சு பூசிய சர்க்யூட் பலகை, கீழ்நோக்கிய கிளாண்டு (கேபிள் நுழையும் வாய்), வெள்ளீயம் பூசிய செம்புக் கம்பி: இந்த நான்கும் சேர்ந்தால் பூட்டிய பெட்டியை விட நெடுநாள் உழைக்கும்.

பேனல் கழுவ அங்கேயே போர் போட்டு எடுக்கும் உவர்நீரை ஊற்றினால், சொட்டும் தண்ணீர் நேராக டியூபின் மேல்தான் விழும். லாரித் தண்ணீர் விலை கூடுதல்தான். ஆனாலும் கடைசிக் கழுவலுக்காவது நல்ல தண்ணீர் வேண்டும், அதுவும் டியூபின் அடிப்பக்கம் வரை.