இழுக்காத புல்வெட்டி: கேபிளா, பெல்ட்டா, சில்லுப் பல்லா?

எஞ்சின் ஓடுகிறது, கத்தி சுற்றுகிறது, புல்லும் வெட்டுப்படுகிறது. ஆனால் கைப்பிடியோடு சேர்ந்த நெம்பை அமர்த்தினால் மெசின் தானாக முன்னே போக மறுக்கிறது. போனாலும் நொண்டுகிறது. திருகோணமலையின் உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் தானாக நகரும் புல்வெட்டி வைத்திருப்பவர்களுக்கு மாரி தொடங்கிப் புல் மளமளவென்று எழும்பும்போதுதான் இந்தத் தலையிடி வரும். திருத்தக் கொண்டுபோனால் "கியர்பெட்டி போயிட்டுது" என்று எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். எனக்கு அந்தப் பதிலில் நம்பிக்கை குறைவு. அதற்கு முன் கேபிள், பெல்ட், சில்லுப் பல் என்று மூன்றையும் பார்த்துவிட வேண்டும். மூன்றிலும் எங்கள் கரையோரத்தில் நான் முதலில் சந்தேகப்படுவது சில்லுப் பல்லைத்தான். காரணம் மணல்.

எஞ்சினின் சக்தி பெல்ட் வழியாகக் கியர்பெட்டிக்குப் போகிறது. கியர்பெட்டி அச்சைச் சுற்றுகிறது. அச்சின் இரு முனைகளிலும் உள்ள சின்னப் பல்சக்கரங்கள் சில்லின் உட்பக்கப் பற்களைத் தள்ளுகின்றன. கேபிளின் வேலை "இப்போது இழு" என்று சொல்வது மட்டும்தான்.

காசு செலவழிக்க முதல் ஒரு சோதனை. எஞ்சினை நிறுத்தி, பிளக் வயரைக் கழற்றிவிட்டு, நெம்பை அமர்த்திப் பிடித்தபடி மெசினைப் பின்னுக்கு இழுங்கள். பின்சில்லு இழுக்கும் மெசின்கள் பெரும்பாலானவற்றில் சில்லு இறுகி, சுற்றாமல் தரையில் அரைபட வேண்டும். அப்படி இறுகினால் கியரும் பல்லும் பிடிக்கின்றன, பெல்ட்டைப் பாருங்கள். கடகடவென்று சத்தத்தோடு சுற்றினால் பல் தேய்ந்திருக்கிறது. சத்தமே இல்லாமல் சுற்றினால் கேபிளோ, கியர்பெட்டிக்குள் இருக்கும் கிளச்சோ.

கேபிள் என்றால் மலிவாக முடியும். உப்புக்காற்றில் உறைக்குள் இருக்கும் கம்பி துருப்பிடித்து இறுகிவிடும், அல்லது நாட்பட நீண்டுபோகும். கியர்பெட்டியிலுள்ள சின்ன நெம்பைக் கையால் இழுத்துப் பாருங்கள். கேபிள் இழுப்பதைவிடக் கூடுதலாக அது நகர்ந்தால் குற்றவாளி கேபிள்தான். சரிசெய்யும் நட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகுங்கள். ஆசைக்கு இறுக்கினால், பிடியை விட்ட பிறகும் மெசின் நகரப் பார்க்கும். அதுவே பெல்ட்டைத் தின்றுவிடும்.

பெல்ட்டில்தான் உண்மையான போட்டி இருக்கிறது. கொம்பனிப் பெல்ட்டா, ஹாட்வெயாரில் தொங்கும் சாதாரண 'ஏ' ரகப் பெல்ட்டா? மேல் அகலம் ஏறத்தாழ 13 மில்லிமீற்றர் உள்ள அந்த ரகம் சில மெசின்களின் புலியில் (பெல்ட் ஓடும் பள்ளச் சக்கரத்தில்) நன்றாகவே உட்காரும், அன்றைக்கே கையில் கிடைக்கும். மற்றதைக் கொழும்பிலிருந்து வரவழைக்க வேண்டியிருக்கும், விலையும் ஏறும். நான் ஒரே ஒரு கேள்வியை வைத்து முடிவெடுப்பேன்: நெம்பை விட்டால் பெல்ட் தளர்கிறதா, இல்லையா? எப்போதும் ஒரே இறுக்கத்தில் சுற்றிக்கொண்டு, கிளச் கியர்பெட்டிக்குள் இருக்கும் மெசின் என்றால் ஹாட்வெயார் பெல்ட் போதும். பெல்ட் இறுகித் தளர்வதே கிளச்சாக வேலை செய்யும் மெசினுக்கு அதைப் போடாதீர்கள். அங்கே பெல்ட் வழுக்கி வழுக்கிப் பிடிக்க வேண்டும். அந்தச் சூட்டையும் உராய்வையும் தாங்குகிற நூலும் மேலுறையும் வைத்துத்தான் கொம்பனிப் பெல்ட்டைச் செய்கிறார்கள். சாதாரணமானது ஒன்றில் வெடுக்கென்று பிடிக்கும், இல்லாவிட்டால் சீக்கிரம் கருகும். நீளத்திலும் விளையாட முடியாது. கட்டையாக இருந்தால் விட்ட பிறகும் இழுக்கும், நீண்டிருந்தால் வழுக்கும். பழைய பெல்ட்டை அளந்து வாங்கப் போகவேண்டாம், அது ஏற்கனவே நீண்டிருக்கும். முதுகிலுள்ள இலக்கத்தைப் பாருங்கள்.

புதுசு வாங்க முதல் பெல்ட் மூடியைக் கழற்றுவதும் நல்லது. ஈரப்புல்லை வெட்டினால் உள்ளே பச்சைச் சேறாக அடைந்துவிடும், பெல்ட் நனைந்து வழுக்கும். துப்புரவாக்கிக் காயவிட்டாலே சில மெசின்கள் பழையபடி இழுக்கும். மெசினைச் சரிக்கும்போது காற்று வடிகட்டி மேல்பக்கம் இருக்கட்டும், இல்லாவிட்டால் ஒயில் அதற்குள் இறங்கும்.

இனிச் சில்லுப் பல். பல சில்லுகள் பிளாஸ்ரிக். பற்களும் அதோடு சேர்த்து வார்த்தவை. கடற்கரை மணல் உள்ளே போனால் அரம் மாதிரி ராவிவிடும். ஒரு பக்கம் மட்டும் தேய்ந்தால் மெசின் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போகும். இரண்டு சில்லும் ஒரே மாதிரி வார்த்தவையாக இருந்தால் இடதை வலதுக்கும் வலதை இடதுக்கும் மாற்றிப் போடுங்கள். பல்லின் தேயாத முகம் இப்போது வேலைக்கு வரும், ஒரு மாரியை ஒப்பேற்றலாம். ஆனால் சின்னப் பல்சக்கரங்களை அப்படி மாற்றாதீர்கள். அவை இடம், வலம் என்று தனித்தனி, மாறினால் மெசின் முன்னே இழுக்காது. புதுச் சில்லு வாங்கினால் பல்சக்கரத்தையும் சேர்த்து மாற்றுவதுதான் புத்தி. தேய்ந்த பழையது புதுப்பல்லையும் கடித்துவிடும். கிறீஸ் பூசுவதா வேண்டாமா என்ற வாதம் எப்போதும் உண்டு. திறந்த பல்லில் பூசினால் மணல் ஒட்டும், ஆகவே இங்கே வேண்டாம் என்பது என் கட்சி. பல்சக்கரத்துக்குள் இருக்கும் சின்ன ஆப்பு அசையாமல் இறுகியிருந்தால் அதை மட்டும் கழற்றித் துடைத்து, பொட்டளவு போடலாம்.

முன்சில்லு இழுக்கும் மெசின்காரர்கள் இதெல்லாம் செய்யுமுன் புல்லுப் பையை வெறுமையாக்கிப் பாருங்கள். பை நிரம்பினால் பாரம் பின்னுக்குப் போய் முன்சில்லு தரையைப் பிடிக்காது. இளகிய மணலில் இன்னும் மோசம். அது பழுதே இல்லை.

கியர்பெட்டிதான் என்று உறுதியானால் மட்டும் அதற்குக் காசு. குளிராக இருக்கும்போது நன்றாக இழுத்து, சூடேறியதும் சோர்ந்து போகும் ஹைட்ரோஸ்டாட்டிக் (ஒயில் அழுத்தத்தால் இழுக்கும்) வகையைப் பிரித்துத் திருத்த முயல்வதில் பெரும்பாலும் பயனில்லை, முழுதாக மாற்ற வேண்டும். அந்த விலைக்குப் பதிலாக, பெல்ட்டையும் பல்சக்கரங்களையும் கழற்றிவிட்டுச் சும்மா தள்ளும் மெசினாகப் பாவிக்கலாம். சமதரையான சின்ன வளவுக்கு அது போதும். உவர்மலை மாதிரி ஏற்றமான இடத்தில் முதுகு முறியும். தோளில் மாட்டும் புல்வெட்டி இன்னொரு வழி. வேலியோரத்துக்கும் பற்றைக்கும் அதை அடிக்க ஆளில்லை. ஆனால் வெட்டு மேடும் பள்ளமுமாக விழும், கல்லும் தெறிக்கும். விருந்தாளிகள் கதிரை போட்டு இருக்கும் புற்றரைக்கு நான் அதைச் சொல்லமாட்டேன். புது மெசினே வாங்குவதென்றால் பின்சில்லு இழுப்பதாகப் பாருங்கள். சில்லும் பல்சக்கரமும் தனியாகக் கிடைக்குமா என்பதை, காசு கொடுக்க முதலே கடைக்காரரிடம் கேளுங்கள்.