நாயின் அரிப்புக்கு ஒமேகா-3: பாட்டிலா, கேப்ஸ்யூலா, மத்தி மீனா?

எங்கள் நாட்டு நாய்க்கு ஒவ்வாமைத் தோல் நோய். அரிப்பு மாத்திரையில் அடங்கியதும், நீண்ட நாளைக்கு மீன் எண்ணெயிலுள்ள ஒமேகா-3 கொழுப்பைச் சேர்க்கச் சொன்னார் டாக்டர். பாட்டில் மீன் எண்ணெய், மருந்துக்கடை கேப்ஸ்யூல், மார்க்கெட்டில் மத்தி என மூன்று வழி இருக்கிறது. நான் கேப்ஸ்யூல் பக்கம். புதுச்சேரி, கடலூர் வெயிலில் இருப்பவர்களுக்கு அதுவே சரி என்பது என் கட்சி.

தெள்ளுப்பூச்சி, உண்ணி, பூஞ்சை இல்லை என்று முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். தோல் சிவந்து நீர் வடியும்போது எண்ணெயை நம்பி உட்காரவும் வேண்டாம். பலன் தெரிய 8 முதல் 12 வாரம் ஆகும்.

ஏன் அவ்வளவு நாள்? அழற்சி கண்ட தோலில் திரளும் வெள்ளணுக்கள் ஹைட்ரஜன் பெராக்சைடு போன்ற வினைமிக்க ஆக்சிஜன் பொருட்களை உமிழ்கின்றன. அவை செல் சவ்வின் கொழுப்பைக் கெடுப்பதோடு, செல்லுக்குள் என்எஃப்-கப்பா-பி என்ற புரதத்தையும் உசுப்பிவிடும். அது உட்கருவுக்குள் போய் டிஎன்எஃப்-ஆல்ஃபா போன்ற அழற்சிப் புரதங்களுக்கான மரபணுக்களை முடுக்கும். அந்தப் புரதங்கள் இன்னும் வெள்ளணுக்களை வரவழைக்கும். மீன் எண்ணெயிலுள்ள இபிஏ என்ற ஒமேகா-3 கொழுப்பு, செல் சவ்வில் அழற்சிப் பொருட்களுக்கு மூலமான அராக்கிடோனிக் அமிலத்தின் இடத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடிக்கிறது. பிறகு அங்கிருந்து உருவாகும் லூக்கோட்ரையீன்கள் என்ற அழற்சித் தூதுப் பொருட்களுக்கு வீரியம் குறைவு. ஸ்டீராய்டு மாத்திரையின் அளவைக் குறைக்க இது உதவுவதாக ஆய்வுகளும் உண்டு.

சிக்கலும் இதே எண்ணெயில்தான். இபிஏவில் 5 இரட்டைப் பிணைப்புகள், மீன் எண்ணெயின் இன்னொரு ஒமேகா-3 கொழுப்பான டிஎச்ஏவில் 6. காற்று, வெளிச்சம், சூடு மூன்றும் சேர்ந்தால் ஆக்சிஜன் அங்கேதான் கை வைக்கும். பெராக்சைடுகள், ஆல்டிஹைடுகள் என்று கெட்டுக்கொண்டே போகும். ஏற்கெனவே ஆக்சிஜனேற்றச் சுமையோடு இருக்கும் நாய்க்கு அதே சுமையைக் கரண்டியில் ஊற்றுவானேன்? மே மாதத்தில் கரண்ட் போய்ப் போய் வரும் வீட்டில், தினமும் மூடி திறக்கும் பாட்டில் சீக்கிரமே சிக்கு வாடை அடித்துவிடும். சின்ன நாய்க்குப் பெரிய பாட்டில் வாங்கினால் மாதக்கணக்கில் கிடக்கும். லாப்ரடார் மாதிரிப் பெரிய நாய் ஒரே மாதத்தில் காலி செய்துவிடும் என்றால் பாட்டில் லாபமாக இருக்கலாம். பெரிய நாய் வளர்த்த அனுபவம் எனக்கு இல்லை.

மத்தி மலிவு. தேங்காய்த்திட்டிலோ கடலூர் முதுநகரிலோ புதிதாகக் கிடைக்கும். உப்பு, மசாலா இல்லாமல் வேகவைத்து, முள் எடுத்துக் கொடுத்தால் எங்கள் நாய் தட்டையும் சேர்த்து நக்கும். பச்சையாக வேண்டாம், வைட்டமின் பி1-ஐ அழிக்கும் தயமினேஸ் அதில் இருக்கிறது. ஆனால் பருவத்துக்குப் பருவம் மீனின் கொழுப்பு மாறுவதால் அளவு பிடிபடாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம். வரத்து குறையும், விலையும் ஏறும். உணவு ஒவ்வாமை சோதனையில் இருக்கும் நாய்க்கோ மீனே ஆகாது.

கேப்ஸ்யூலில் ஒவ்வொரு வேளை எண்ணெயும் தனித்தனியாக மூடியிருக்கிறது. பலவற்றில் வைட்டமின் ஈ சேர்த்திருப்பார்கள். கொழுப்பு தொடர்ச்சியாகக் கெட்டுப்போவதை அது இடையில் அறுத்துவிடும். கணக்கும் எளிது. தோல் அழற்சிக்கு 10 கிலோ நாய்க்கு இபிஏ, டிஎச்ஏ இரண்டும் சேர்ந்து நாளுக்குச் சுமார் 700 மில்லிகிராம் என்பது வழக்கமான இலக்கு. சாதாரண 1000 மில்லிகிராம் கேப்ஸ்யூலில் இவை 300 தான் இருக்கும். டப்பாவின் முன்பக்க எண்ணைப் பார்த்து ஏமாறாமல் பின்பக்கத்தைப் படியுங்கள். இறுதி அளவை டாக்டர் சொல்லட்டும். கணையத் தொந்தரவு வந்த நாய் என்றால் அவரைக் கேட்காமல் தொடங்கவே கூடாது. கேப்ஸ்யூலும் கெடாத பொருள் இல்லை. அவ்வப்போது ஒன்றை வெட்டி முகர்ந்து பார்க்கிறேன்.

காட் லிவர் ஆயில் இதற்கு மாற்று அல்ல, அதில் வைட்டமின் ஏ, டி மிஞ்சிவிடும். ஆளி விதை எண்ணெயை இபிஏவாக மாற்றும் திறன் நாய்க்கு மிகக் குறைவு. குழந்தைகளுக்கான மெல்லும் ஒமேகா மிட்டாய்களில் சர்க்கரைக்குப் பதிலாகச் சேர்க்கும் சைலிடால் இருக்கலாம். அது நாய்க்கு விஷம்.