நன்மங்கலம் காட்டோரத்து வீட்டுக்கு ஒரு தோட்டக்காரர்

எங்கள் மதிலுக்கு அப்பால் சென்னைப் புறநகரின் நன்மங்கலம் காப்புக்காடு. கோடையில் புல்லெல்லாம் காய்ந்து கிடக்கும். அங்கே தீப்பிடித்தால் வீட்டுக்கும் பரவிவிடுமோ என்று பயந்துதான் தோட்டக்காரரை அழைத்தேன். வந்தவர் செடிகளைப் பார்க்கவில்லை. மொட்டை மாடியின் தென்னங்கீற்றுப் பந்தலையும் மழைநீர்க் குழாயில் அடைந்திருந்த வேப்பஞ்சருகையும் காட்டினார். "தீ வருமுன் பொறி பறந்து வந்துவிடும், அம்மா" என்றார். அங்கேயே நம்பிக்கை பிறந்தது.

வீட்டுச் சுவரிலிருந்து 5 அடிக்குச் செடியே இல்லாமல் ஜல்லி பரப்பினார். ஜன்னலடி குரோட்டன்ஸ் போனதில் எனக்கு வருத்தம்தான். புல்லில் பற்றும் நெருப்பு மரமேறாதபடி வேம்பின் தாழ்ந்த கிளைகளைக் கழித்தார். கூலி நியாயம். ஒரே குறை, வெட்டிய கிளைகளை மதிலோரம் குவித்துவிட்டுப் போனார். காய்ந்தால் அதுவே விறகல்லவா? சொன்னதும் மறுநாள் காலையே வண்டியோடு வந்து அள்ளிச் சென்றார். அடுத்த வாரம் கீற்றைப் பிரித்துத் தகரம் போட அவரையே வரச் சொல்லியிருக்கிறேன்.