செஃப் கிளஸ்டர் ஸ்கிரிப்ட்களை விர்ச்சுவல் மெஷின்களில் சோதிப்பது: நீண்ட நாள் அனுபவம்

பல சர்வர்களின் டிஸ்க்குகளை ஒரே சேமிப்பிடமாக இணைக்கும் செஃப் (Ceph) கிளஸ்டரை நிறுவும் ஸ்கிரிப்ட்களைச் சில ஆண்டுகளாக, விர்ச்சுவல் மெஷின்களை எழுப்பி நிர்வகிக்கும் வேக்ரன்ட், லிப்விர்ட் துணையுடன் தானியங்கியாகச் சோதித்து வருகிறேன். ஸ்கிரிப்டில் யார் கைவைத்தாலும் ஒரு குட்டிக் கிளஸ்டர் எழுந்து, சோதனை முடிந்ததும் அழிந்துவிடும். விர்ச்சுவல் மெஷினுக்குப் பதிலாக இலகுவான கண்டெய்னரில் செய்தால் விரைவாக முடியுமே என்று கேட்கிறார்கள். இந்த ஸ்கிரிப்ட்கள் பெரும்பாலும் இடறி விழுவது எல்விஎம் (டிஸ்க் இடத்தைப் பிரித்தாளும் அமைப்பு), யுடெவ் (சாதனங்களைக் கண்டறிந்து பெயரிடும் பகுதி), மறுதொடக்கம் ஆகிய இடங்களில். கெர்னலைப் பகிர்ந்துகொள்ளும் கண்டெய்னரில் இவற்றை ஒழுங்காகச் சோதிக்க முடியாது.

டிஸ்க் இடம் கவலைக்குரியதல்ல. எழுதிய அளவுக்கு மட்டுமே மெய்நிகர் டிஸ்க்கின் கோப்பு வளரும். நினைவகம்தான் தின்கிறது. ஒவ்வொரு ஓஎஸ்டியும் (ஒரு டிஸ்க்கைக் கவனித்துக்கொள்ளும் செஃப் நிரல்) இயல்பாக 4 ஜிபி நினைவகத்தை இலக்காகக் கொள்வதால், சோதனைக்கு அதைக் குறைத்தே ஆகவேண்டும்.

என்னைக் கேட்டால், முதல் நிறுவல் வெற்றி பெறுவதில் பெரிய செய்தி எதுவும் இல்லை. அதே ஸ்கிரிப்டை மறுமுறை ஓட்டும்போது ஒன்றுமே மாறக்கூடாது. மாறினால் அங்கே ஆபத்து ஒளிந்திருக்கிறது. தரவுள்ள டிஸ்க்கைப் புதியதென்று எண்ணித் துடைக்கும் ஸ்கிரிப்டை விர்ச்சுவல் மெஷினிலேயே பிடித்துவிட்டால் யாருக்கும் நட்டமில்லை.

அடுத்தது, ஒரு சர்வரைத் திடீரென நிறுத்துவது. தரவுக்கு மூன்று நகல்கள், குறைந்தபட்சம் இரண்டு இருந்தால் போதும் என்ற இயல்பு அமைப்பில் எழுதுவது தொடரவேண்டும். சுமார் 600 வினாடிகளுக்குப் பிறகு, வீழ்ந்த ஓஎஸ்டிகளைக் கிளஸ்டர் ஒதுக்கிவிட்டு நகல்களை மீட்கத் தொடங்கும். ஆனால் ஓஎஸ்டி சர்வர்கள் மூன்றே இருந்தால், சர்வருக்கு ஒரு நகல் என்ற விதிப்படி மூன்றாவது நகலுக்குப் போக இடமில்லை. எவ்வளவு காத்திருந்தாலும் நிலை பச்சைக்குத் திரும்பாது. மீட்பைச் சோதிக்க நான்காவது சர்வர் வேண்டும். நினைவகத்தை மிச்சம் பிடிக்க அதை வெட்டுபவர்கள் பாதிச் சோதனையையே வெட்டுகிறார்கள்.

எரிச்சலூட்டுவது ஸ்னாப்ஷாட், அதாவது மெஷினின் நிலையைச் சேமித்துவைத்துப் பிறகு அதற்கே திரும்புவது. மீட்டெடுத்த மெஷினின் கடிகாரம் பின்தங்கி நிற்கும். கிளஸ்டரின் நிலையைக் கண்காணிக்கும் மானிட்டர் நிரல்கள் பொறுத்துக்கொள்வது 0.05 வினாடி வித்தியாசத்தை மட்டுமே. கடிகாரங்களை ஒத்திசைக்கும் க்ரோனி நேரத்தைச் சரிசெய்யும்வரை காத்திருக்கும் ஒரு படி இல்லாவிட்டால், காரணமில்லாத எச்சரிக்கைகளால் சோதனை தோற்றுக்கொண்டே இருக்கும்.

டிஸ்க் பெயர்களும் ஏமாற்றும். விர்ச்சுவல் மெஷினில் 'விடிபி' (vdb) என்று வருவது அசல் சர்வரில் 'என்விஎம்இ' (nvme) வகைப் பெயராக இருக்கும். மெய்நிகர் டிஸ்க்குகளுக்கும் தொடர் எண் கொடுத்து, அதை வைத்தே அடையாளம் காண்பது நல்லது. வேகம், மெல்லச் சாகும் டிஸ்க், ஸ்விட்ச்சில் பொருந்தாத எம்டியு (பிணையப் பொட்டலத்தின் அதிகபட்ச அளவு) ஆகியவற்றை இங்கே தேடவேண்டாம், கிடைக்காது.

2020-இல் செஃபின் ஆக்டோபஸ் பதிப்புடன் அதன் சொந்த நிறுவல் கருவியான செஃப்ஏடிஎம் (cephadm) வந்தபின், பொதுவான தானியக்கக் கருவியான அன்சிபிளிலிருந்து அதற்கு மாறினோம். கோப்புகளின் இருப்பிடத்தைச் சரிபார்த்த சோதனைகள் எல்லாம் குப்பைக்குப் போயின. கிளஸ்டரிடமே நிலையைக் கேட்டு, ஒரு தரவுப் பொருளை (object) எழுதிப் படித்துப் பார்க்கும் சோதனைகள் ஏறக்குறைய அப்படியே ஓடின. 2023 ஆகஸ்டில் வேக்ரன்டின் உரிமம் மாறியபோதும் பதற்றம் ஏற்படவில்லை. அலுவலகத்துக்குள் சோதிக்கும் எங்களை அது கட்டுப்படுத்தவில்லை. புதிதாகத் தொடங்குபவர்கள் மெஷின்களை எழுப்பும் பகுதியைச் சோதனைகளிலிருந்து பிரித்து எழுதினால், கருவியைப் பிறகு மாற்றிக்கொள்ளலாம்.