உமி சிலிக்கானா, டைட்டனேட்டா, பழைய கிராஃபைட்டா?

உமியிலிருந்து பேட்டரி செய்யலாம் என்று கேள்விப்பட்டதில் இருந்து, எங்கள் பாலக்காட்டுச் சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் நெல் மில் வைத்திருப்பவர்கள் "நம்ம சாம்பலுக்கு விலை வருமா தம்பி" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான்.

லித்தியம் அயன் பேட்டரியில் சார்ஜ் ஏறும்போது லித்தியம் போய் உட்காரும் எதிர்முனைக்கு எந்தப் பொருள் என்பதுதான் இங்கே விஷயம். இப்போது வழக்கத்தில் உள்ள கிராஃபைட்டில் இருந்தே தொடங்குவோம். அதன் கொள்ளளவு, அதாவது தாங்கும் மின்சாரம், கிராமுக்கு 372 மில்லி ஆம்பியர் மணி, அதற்கு மேல் லித்தியம் அதில் ஏறாது. ஆனால் சார்ஜ் ஏறும்போது பத்து சதவீதம் போலத்தான் உப்பும், அதனால் வருடக்கணக்கில் உழைக்கும். இதை நானோ அளவுக்குப் பொடிப்பதில் லாபம் இல்லை.

சிலிக்கான் ஏறக்குறைய 3,600 வரை தாங்கும், கேட்டவுடன் ஆசை வரும். ஆனால் லித்தியம் நிறைந்தால் பருமன் மூன்று நான்கு மடங்காகிறது, பெரிய துகள் வெடித்து நொறுங்குகிறது. துகளைச் சுமார் 150 நானோமீட்டருக்குக் (ஒரு நானோமீட்டர் என்பது மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) கீழே கொண்டுபோனால் வெடிப்பதில்லை. 2008-இல் ஸ்டான்ஃபோர்டில் யி சுயி குழு நானோ கம்பிகளை வைத்து இந்த வழியைக் காட்டியது. சரி, முடிந்ததா என்றால் இல்லை, ஏனென்றால் துகள் சிறுக்கச் சிறுக்க மொத்தப் பரப்பு கூடுகிறது, அந்தப் பரப்பு முழுக்க மின்பகுபொருள் (பேட்டரிக்குள் லித்தியத்தைக் கடத்தும் திரவம்) சிதைந்து மெல்லிய படலமாகப் படிகிறது, உப்பிச் சுருங்கும்போது அது கிழிந்து மறுபடி படிகிறது, ஒவ்வொரு முறையும் கொஞ்சம் லித்தியத்தைத் தின்றுவிடுகிறது. அதனால்தான் முட்டைக்குள் கரு மாதிரி, கார்பன் ஓட்டுக்குள் சிலிக்கானை வைத்து, சுற்றிக் காலி இடம் விடும் வடிவத்தை நான் பெரிதாக மதிக்கிறேன்: உப்பல் உள்ளேயே அடங்கும், படலம் ஓட்டின் வெளியே நிலைக்கும். அந்தக் காலி இடத்துக்கும் விலை உண்டு, ஒரே டப்பாவுக்குள் குறைவாகத்தான் அடைக்க முடியும்.

லித்தியம் டைட்டனேட் நேர் எதிர். கொள்ளளவு வெறும் 175. செல் மின்னழுத்தமும் 2.4 வோல்ட் பக்கம்தான், அதனால் அதே எடையில் வண்டி குறைந்த தூரமே ஓடும். ஆனால் பருமன் மாறுவதே இல்லை என்று சொல்லலாம். இந்த முனை மட்டும், லித்தியத்தோடு ஒப்பிட்டால், வேலை செய்யும் 1.55 வோல்ட்டில் அந்தப் படலத் தொல்லையும் மிகக் குறைவு, ஆகவே சிறிய துகளில் லித்தியம் சீக்கிரம் ஏறி இறங்கும் வேகம் மட்டும் கைக்கு வருகிறது, பரப்பு தரும் நஷ்டம் அவ்வளவாக இல்லை. நானோவுக்கு உண்மையாகவே ஏற்ற பொருள் என்றால் என் கணக்கில் இதுதான். நாள் முழுக்க ஓடி, இடையிடையே வேகமாகச் சார்ஜ் ஏற்றி, பாலக்காட்டு மார்ச் வெயிலையும் தாங்க வேண்டிய ஆட்டோவுக்கு இதையே சொல்வேன். போனுக்கும் காருக்கும் கிராஃபைட்டில் கொஞ்சம் சிலிக்கான் கலந்தது.

அப்புறம் மில் சாம்பல். உமியில் இருக்கும் சிலிக்காவை (சிலிக்கானும் ஆக்சிஜனும் சேர்ந்தது) மெக்னீசியத்தோடு சூடாக்கிச் சிலிக்கான் ஆக்கலாம், 2013-இல் செய்தே காட்டினார்கள். ஆனால் முதலில் உமியை அமிலத்தில் கழுவிப் பொட்டாசியத்தை நீக்கிவிட்டு, பிறகு அளவான சூட்டில் எரிக்க வேண்டும். பாய்லரின் அதிகச் சூட்டில் அந்தப் பொட்டாசியம் சிலிக்காவை உருக்கி ஒட்டவைத்துவிடும், நெல் இயற்கையாகத் தந்த நுண்துளைகள் அதோடு போயின. ஆக மில்காரர் விலை பேச வேண்டியது சாம்பலுக்கு அல்ல, எரிக்காத உமிக்கு.