ஞாயிறு, ஞாயிற்றுக்கிழமை ஆன கதை: ஹியூகோவில் தேதிகளோடு ஐந்து ஆண்டுகள்

எங்கள் வாசகர் வட்டத்தின் இணையதளத்தைப் பார்க்க வருகிறவர்களில் பெரும்பாலோர் ஒரே ஒரு விவரத்தைத் தேடித்தான் வருகிறார்கள். அடுத்த கூட்டம் என்றைக்கு, எத்தனை மணிக்கு? அதைச் சரியாகச் சொல்ல எனக்குப் பல ஆண்டுகள் பிடித்தன.

2016 ஆகஸ்ட் 7, ஞாயிற்றுக்கிழமை நடக்கவிருந்த கூட்டத்தை, நாங்கள் எங்கிருந்தோ இறக்கிப் போட்டிருந்த இலவச வார்ப்புரு (தளத்தின் தோற்றத்தை வகுக்கும் கோப்புகள்) 08/07/2016 என்று காட்டியது. மாதம் முதலில், நாள் அடுத்து. எழுபது வயதைத் தாண்டிய இரண்டு உறுப்பினர்கள் ஜூலை 8, வெள்ளிக்கிழமை மாலை பஸ் பிடித்து வந்து, பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். இன்று நினைத்தாலும் மனம் சங்கடப்படுகிறது. மாதத்தை எண்ணால் எழுதுவதில்லை, கிழமையை விடுவதில்லை என்று அன்று முடிவு செய்தேன்.

அப்போது தளம் வேர்ட்பிரஸ் என்ற மென்பொருளில் இருந்தது. அதன் பொது அமைப்புகள் பக்கத்தில் தேதி வடிவத்தை நாமே எழுதலாம். நாளுக்கு ஓர் ஆங்கில எழுத்து, மாதப் பெயருக்கு ஒன்று, ஆண்டுக்கு ஒன்று. நடுவில் ஆங்கிலச் சொல்லைச் சேர்த்தால் அதன் எழுத்துகளும் குறியீடாகிவிடும் என்பதால் அவற்றின் முன் பின்சாய்கோடு இட வேண்டும். ‘ஆம் தேதி’ என்று தமிழில் எழுதினால் அந்தத் தொல்லை இல்லை. ஆனால் எங்கள் வார்ப்புருவின் கோப்பிலேயே வடிவத்தை நேரடியாக எழுதி வைத்திருந்தார்கள். அமைப்பில் எதை மாற்றினாலும் பக்கம் அசையவில்லை. கோப்பைத் திறந்துதான் திருத்தினேன்.

2020இல், தளத்தின் பக்கங்களை மொத்தமாக உருவாக்கித் தரும் ஹியூகோ என்ற மென்பொருளுக்கு மாறினோம். அது கோ என்ற நிரல்மொழியில் எழுதப்பட்டது, தேதி வடிவமும் அந்த மொழியின் வழியே. குறியீட்டு எழுத்துகள் கிடையாது. 2006 ஜனவரி 2, பிற்பகல் 3 மணி 4 நிமிடம் 5 நொடி என்ற ஒரே தருணத்தை நமக்கு வேண்டிய வடிவில் எழுதிக் காட்டினால், எந்தத் தேதியையும் அதே வடிவில் அது தரும். மாதம் 1, நாள் 2, மணி 3, நிமிடம் 4, நொடி 5, ஆண்டு 6, நேர மண்டலம் 7 என்று வரிசை. மாதம் முன்னால் வரும் அமெரிக்க வழக்கு இங்கேயும் இருக்கிறது, ஆனால் ஒருமுறை மனத்தில் பதிந்துவிட்டால் மறக்காது. முதல் வாரத்தில் ஆண்டுக்கு 2006 என்பதற்குப் பதில் 2020 என்று எழுதிவிட்டேன். ஆகஸ்ட் 15-ஆம் தேதிப் பக்கத்தில் 15150 என்று வந்து நின்றது. 2 என்பது நாள், 02 என்பதும் நாள், கடைசிச் சுழியம் வெறும் சுழியம். வடிவத்துக்குள் ‘அறை 2’ என்று எழுதினாலும் இதே கதிதான். எண் உள்ள சொற்களை வடிவத்துக்கு வெளியே வையுங்கள்.

நேர மண்டலத்தில் பட்டது வேறு. 2020 சுதந்திர நாளன்று காலை 11 மணிக்கு இணையவழிக் கூட்டம். அறிவிப்பில் காலை 6 மணி என்று நேரமிட்டு, ஆறரைக்குத் தளத்தை உருவாக்கி ஏற்றினேன். அறிவிப்பைக் காணவில்லை. மண்டலம் குறிப்பிடாத நேரத்தை ஹியூகோ உலகப் பொது நேரமாக (UTC, இந்திய நேரத்துக்கு ஐந்தரை மணி பின்னால்) எடுத்துக்கொள்ளும். எதிர்காலத் தேதியிட்ட பக்கங்களை, நாம் கேட்டாலொழிய, வெளியிடாது. எனவே அந்தப் பக்கம் இந்திய நேரம் 11:30 வரை அதற்கு எதிர்காலம். மண்டலத்தை எழுதாதது என் தவறு. அன்று தேதியின் பின்னால் +05:30 சேர்த்துச் சமாளித்தேன். 2021இல் வந்த 0.87 பதிப்பில், அமைப்புக் கோப்பில் ஆசியா/கொல்கத்தா என்று ஒரு வரி எழுதினாலே போதும் என்றானது.

அதே பதிப்பில்தான் மாதப் பெயர்களும் தமிழில் வரத் தொடங்கின. அதுவரை பன்னிரண்டு பெயர்களை ஒரு தரவுக் கோப்பில் எழுதி, மாத எண்ணைக் கொண்டு எடுத்துவந்தேன். கோப்பை மகிழ்ச்சியோடு நீக்கினேன். அடுத்த மாதமே இன்னொரு கோப்பு தேவைப்பட்டது, கிழமைகளுக்காக.

மென்பொருள் தருவது ‘ஞாயிறு’, ‘திங்கள்’, ‘வியாழன்’. அழைப்பிதழில் நாம் எழுதுவது ஞாயிற்றுக்கிழமை, திங்கட்கிழமை, வியாழக்கிழமை. வார்ப்புருவில் ‘கிழமை’யை ஒட்டினால் ‘ஞாயிறுகிழமை’ வருகிறது. ‘க்கிழமை’ என்று ஒட்டினால் ஞாயிறு அப்போதும் தவறு, புதனோ ‘புதன்க்கிழமை’ ஆகிவிடுகிறது. செவ்வாய், வெள்ளி, சனிக்கு வல்லினம் மிகுகிறது. புதனுக்கு மிகுவதில்லை. வியாழன் தன் ‘ன்’னை விடுகிறது, திங்களின் ‘ள்’ ‘ட்’ ஆகிறது. ஏழு நாளும் ஒரே விதிக்குள் அடங்கவில்லை. ஏழையும் முழுதாக எழுதி வைப்பதே வழி. ‘ஞாயிறுகிழமை’ என்று பல தளங்களில் பார்க்கும்போது, அங்கே யாரும் இந்த ஏழு வரிகளை எழுதவில்லை என்று தெரிகிறது. பத்து நிமிட வேலை. தயவுசெய்து எழுதுங்கள்.

நேரத்துக்கும் இப்படித்தான். பல மென்பொருள்கள் தமிழில் ‘முற்பகல்’, ‘பிற்பகல்’ என்ற இரண்டையே தருகின்றன. ‘பிற்பகல் 8 மணி’ என்று நம்மில் யார் சொல்கிறோம்? மணியை 24 மணிக் கணக்கில் எடுத்து, நான்குக்கு முன் அதிகாலை, பன்னிரண்டுக்கு முன் காலை, பதினாறுக்கு முன் பிற்பகல், பத்தொன்பதுக்கு முன் மாலை, மற்றது இரவு என்று ஐந்து நிபந்தனைகள் எழுதினேன். எல்லைகளில் உங்களுக்கு வேறு கருத்து இருக்கலாம். எங்கள் ஊரில் ஆறரை மணி மாலைதான்.

யாழ்ப்பாணத்திலிருந்து தொடர்ந்து வாசிக்கும் ஒருவர், தங்கள் ஊரில் இது ‘திகதி’, ‘ஓகஸ்ட்’, ‘ஒக்டோபர்’ என்று எழுதினார். நியாயமான பேச்சு. மாதப் பெயர்களைத் தரவுக் கோப்பிலேயே விட்டிருந்தால், இலங்கை வழக்குக்கு இரண்டாவது பட்டியல் ஒன்றை எளிதாகச் சேர்த்திருக்கலாம். நீக்கிய கோப்பைத் திரும்பக் கொண்டுவரும் வேலை இப்போது நடக்கிறது.

தமிழ் மாதத் தேதியை மட்டும் வார்ப்புருவிடம் விடவில்லை. சித்திரை, ஆடி எல்லாம் சூரியனைப் பின்பற்றுவதால் 29 நாளிலிருந்து 32 நாள் வரை மாறும். அதைத் தரும் வடிவக் குறியீடு எதுவும் ஹியூகோவில் இல்லை. ஒவ்வொரு அறிவிப்புக்கும் பஞ்சாங்கத்தைப் பார்த்து, பக்கத்தின் தலைப்பகுதியில் கையால் எழுதுகிறேன்.